மதுவிலக்கும் மனமாற்றமும்: சட்டத்திடம் ஒப்படைக்கப்பட்ட ஒரு சமயப் பணியின் கதை

ஐக்கிய அமெரிக்காவின் அரசியலமைப்புக்கு இதுவரை 27 திருத்தங்கள் செய்யப்பட்டிருக்கின்றன. அவற்றுள் பிற்காலத்தில் முற்றாக நீக்கப்பட்டது ஒன்றே ஒன்றுதான். அது பதினெட்டாவது திருத்தம். நாடு முழுவதிலும் மதுபானத்தைத் தயாரிப்பதையும் விற்பதையும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு செல்வதையும் தடை செய்த அத்திருத்தம் 1920 ஜனவரி 17ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. 1933 டிசம்பர் 5ஆந் திகதி, இருபத்தோராவது திருத்தத்தின் மூலம் அது நீக்கப்பட்டது. முழுமையாகப் பதினான்கு ஆண்டுகள்கூட அது நிலைக்கவில்லை.

இந்தப் பதினான்கு ஆண்டுகளைப் பற்றி நம்மில் பலர் அறிந்திருப்பதெல்லாம் திரைப்படங்கள் காட்டியவைதாம்: அல் கப்போன், இயந்திரத் துப்பாக்கிகள், இரகசிய மதுச்சாலைகள், இலஞ்சம் வாங்கும் பொலிஸார். அவை யாவும் உண்மையே. ஆயினும் வரலாற்றை வாசிக்கும்போது என் மனத்தை அதிகம் உறுத்தியது கொள்ளைக்காரர்களின் கதையன்று, நல்லவர்களின் கதை. அந்தச் சட்டத்தைக் கொண்டு வந்தவர்கள் போதகர்களும் தாய்மாரும் ஞாயிறு பாடசாலை ஆசிரியர்களும் ஆவர். அயலவனின் வீட்டில் பசித்திருந்த பிள்ளைகளைக் கண்டு உண்மையாகவே வருந்தியவர்கள் அவர்கள். கிறிஸ்தவ நம்பிக்கை அவர்களுடைய உந்துசக்தியாக இருந்தது. அவர்கள் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் உழைத்துப் பெற்ற வெற்றி எப்படி அவர்களுடைய கையிலேயே கசந்து போனது என்பதுதான் இக்கட்டுரையின் பொருள்.

கதையை அதன் தொடக்கத்திலிருந்து பார்ப்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கர்கள் குடித்த அளவு இன்று நமக்கு நம்ப முடியாததாக இருக்கும். உள்நாட்டில் மலைப்பகுதி விவசாயிகள் தமது சோளத்தைச் சந்தைக்குக் கொண்டு செல்ல வழியற்றிருந்தார்கள். ஆதலால் அதை விஸ்கியாக வடித்து விற்றார்கள். விஸ்கி தேநீரைவிட மலிவாகக் கிடைத்தது. 1830 அளவில் வயது வந்த ஒருவர் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 7 கலன் தூய மதுசாரம் குடித்தார் என்று வரலாற்றாசிரியர்கள் கணித்திருக்கிறார்கள். பியராகவோ விஸ்கியாகவோ அளந்தால் இது பன்மடங்காகும். சுதந்திரப் பிரகடனத்தில் கையொப்பமிட்டவர்களுள் ஒருவரான வைத்தியர் பெஞ்சமின் ரஷ், காய்ச்சி வடித்த சாராய வகைகள் உடலையும் உள்ளத்தையும் எவ்வாறு அழிக்கின்றன என்று 1784இலேயே எழுதியிருந்தார். அப்போது அதைக் கேட்டவர்கள் சிலரே.

கேட்க வைத்தவர்கள் போதகர்கள். புதிய இங்கிலாந்து எனப்படும் வடகிழக்கு மாநிலங்களில் அக்காலத்தில் ஒரு பெரும் சமய எழுச்சி ஏற்பட்டிருந்தது. மனிதன் மனந்திரும்பலாம், தன் வாழ்வை மாற்றலாம், சமுதாயத்தையும் மாற்றலாம் என்ற நம்பிக்கை அந்த எழுச்சியின் உயிராக இருந்தது. நமக்கும் அதனுடன் ஒரு தொடர்பு உண்டு. 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, 1823இல் வட்டுக்கோட்டைச் செமினறியைத் தொடங்கிய அமெரிக்க மிஷனரிமார் அந்த எழுச்சியின் பிள்ளைகளே. அதே எழுச்சிதான் 1825இல் கனெக்ரிகட் மாநிலத்தின் லிச்பீல்ட் ஊரில் லைமன் பீச்சர் என்னும் போதகரைக் குடிவெறிக்கு எதிராக ஆறு பிரசங்கங்கள் செய்யத் தூண்டியது. மறு ஆண்டு பொஸ்டன் நகரில் அமெரிக்க மதுவொழிப்புச் சங்கம் உருவாயிற்று.

அச்சங்கத்தின் கையில் பொலிஸும் இல்லை, சிறையும் இல்லை. அதனிடம் இருந்தது ஒரு தாள் மாத்திரமே. 'நான் குடிக்க மாட்டேன்' என்ற உறுதிமொழித் தாள். அதில் ஒருவர் தாமாகவே கையொப்பமிட வேண்டும். பத்தாண்டுகளுக்குள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டார்கள். 1840இல் பால்ற்றிமோர் நகரத் தவறணை ஒன்றில் குடித்துக்கொண்டிருந்த ஆறு நண்பர்கள், தாங்களே ஒரு சங்கத்தை அமைத்துக் குடியை விட்டார்கள். குடிகாரனைத் திருத்தக் குடிகாரனே போதும் என்று அவர்கள் ஊர் ஊராகச் சென்று தங்கள் கதையைச் சொன்னார்கள். 1849இல் அயர்லாந்திலிருந்து வந்த கத்தோலிக்கக் குருவான தியபோல்ட் மத்தியூ, இரண்டு ஆண்டுகள் நாட்டைச் சுற்றி இலட்சக்கணக்கானோரிடம் உறுதிமொழி வாங்கினார்.

இதன் பலன் என்ன? 1830இல் 7 கலனாக இருந்த நுகர்வு, 1840களின் நடுப்பகுதியில் 2 கலனுக்கும் கீழே இறங்கிவிட்டது. இந்த வீழ்ச்சிக்குப் பொருளாதாரக் காரணங்களும் உண்டு. எனினும் ஒரு நாட்டின் பழக்கம் பதினைந்தே ஆண்டுகளில் இப்படி மாறியதற்கு, மனச்சாட்சியை நோக்கிச் செய்யப்பட்ட அந்தப் பிரசாரத்துக்குப் பெரும் பங்குண்டு என்பதை எவரும் மறுப்பதில்லை. மாநிலம் தழுவிய மதுவிலக்குச் சட்டம் ஒன்று வேரூன்றுவதற்கு முன்னரே இது நடந்தது என்பதை வாசகர்கள் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் அவர்கள் ஏன் சட்டத்தை நாடினார்கள்? இது நியாயமான கேள்வி. வென்றவன் ஏன் ஆயுதத்தை மாற்றினான்?

முதலாவது காரணம் பொறுமையின்மை. கையொப்பமிட்டவர்களில் பலர் மீண்டும் குடித்தார்கள். கையொப்பமிடாதவர்கள் இன்னும் பலர் இருந்தார்கள். ஒருவன் உறுதிமொழி எடுத்துக்கொண்டு வீடு திரும்பும் வழியில் நான்கு தவறணைகள் திறந்திருந்தால் அவன் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பான் என்று சீர்திருத்தவாதிகள் கேட்டார்கள். அது வெறும் வாதமன்று. அவர்கள் நேரிற் கண்ட உண்மை. எனவே விற்பவனைத் தடுக்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது.

1838இல் மசாச்சுசெற்ஸ் மாநிலம் 15 கலனுக்குக் குறைவாகச் சாராயம் விற்பதைத் தடை செய்தது. பீப்பாய்க் கணக்கில் வாங்கக்கூடிய செல்வந்தருக்கு இச்சட்டம் பொருந்தவில்லை. கிண்ணக் கணக்கில் வாங்கும் ஏழைக்கே பொருந்தியது. டெடம் என்னும் ஊரில் ஒரு வியாபாரி பன்றியொன்றின் முதுகில் கோடுகளை வரைந்து, கூடாரத்துக்குள் கட்டி வைத்தான். 'அதிசயப் பன்றியைப் பார்க்கக் கட்டணம். பார்ப்பவருக்கு ஒரு கிண்ணம் சாராயம் இலவசம்!' ஊரே சிரித்தது. 1840இல் சட்டம் கைவிடப்பட்டது. எண்பது ஆண்டுகளுக்குப் பின்னர் நாடு முழுவதும் நடக்கவிருந்த நாடகத்தின் ஒத்திகையாகவே இதை நான் காண்கிறேன்.

1851இல் மேன் மாநிலம் முழு மதுவிலக்கைச் சட்டமாக்கியது. அதன் சூத்திரதாரி போர்ட்லண்ட் நகர மேயர் நீல் டௌ. குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர். அடிமை முறையையும் கடுமையாக எதிர்த்தவர். நான்கு ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ ஒரு டசின் மாநிலங்கள் மேனைப் பின்பற்றின. ஆனால் 1855 ஜூனில், மருந்துத் தேவைக்கென்று நகரசபை வாங்கி வைத்திருந்த மது தொடர்பாகப் போர்ட்லண்டில் கலகம் மூண்டது. மேயரின் கட்டளைப்படி படையினர் சுட்டதில் ஒருவர் உயிரிழந்தார். மறு ஆண்டு மேன் சட்டம் நீக்கப்பட்டது. போர் எதிர்ப்பைக் கொள்கையாகக் கொண்ட குவேக்கர்களிடையே வளர்ந்த ஒருவர், மனிதரைக் குடியிலிருந்து காப்பதற்காகக் கூட்டத்தின் மீது சுடும்படி கட்டளையிட நேர்ந்தது. சட்டம் என்பது இறுதியில் துப்பாக்கியின் மேல் நிற்பது. இதை நல்லெண்ணம் படைத்தவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. 1865இல் பதின்மூன்றாவது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. முப்பது ஆண்டுகளாகப் பிரசங்க மேடைகளில் கதறியும் அசையாத ஒரு மாபெரும் தீமை, சட்டத்தின் ஒரே வரியால் வீழ்ந்ததை அந்தத் தலைமுறை கண்டது. (அந்த வரிக்குப் பின்னால் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட ஒரு போர் இருந்தது என்பது வேறு விடயம்.) மதுவொழிப்பாளர்களும் அடிமை ஒழிப்பாளர்களும் பெரும்பாலும் ஒரே தேவாலயங்களில் அமர்ந்தவர்கள். லைமன் பீச்சரின் மகள்தான் 'அங்கிள் ரொம்ஸ் கபின்' நாவலை எழுதிய ஹரியற் பீச்சர் ஸ்டோ. அடிமைச் சங்கிலியைச் சட்டம் உடைத்தது என்றால், போத்தலின் சங்கிலியையும் சட்டம் உடைக்கும் என்று அவர்கள் நம்பியதில் வியப்பில்லை.

பெண்களின் பங்கைச் சொல்லாமல் இந்த வரலாறு முழுமை பெறாது. 1873 டிசம்பரில், ஒஹையோ மாநிலத்தின் ஹில்ஸ்பரோ என்னும் சிற்றூரில் எலைசா தொம்சன் என்ற மூதாட்டியின் தலைமையில் பெண்கள் தேவாலயத்திலிருந்து வரிசையாகப் புறப்பட்டுத் தவறணைகளுக்குள் சென்றார்கள். எவரையும் ஏசவில்லை. மண்டியிட்டுச் செபித்தார்கள், பாடினார்கள். உள்ளே விடாத இடங்களில் பனியில் முழந்தாளிட்டார்கள். சில மாதங்களுக்குள் பல நூறு ஊர்களுக்கு அது பரவியது. பல தவறணைக்காரர்கள் தாங்களே பீப்பாய்களை வீதியில் கவிழ்த்தார்கள். பின்னர் பல கடைகள் திரும்பவும் திறக்கப்பட்டன என்பதும் உண்மை. அடுத்த ஆண்டு கிளீவ்லண்ட் நகரில் பெண்கள் கிறிஸ்தவ மதுவொழிப்புச் சங்கம் பிறந்தது. 1879 முதல் 1898இல் இறக்கும்வரை பிரான்சிஸ் வில்லார்ட் அதன் தலைவியாக இருந்தார். மதுவொழிப்போடு நில்லாது பெண்களின் வாக்குரிமை, தொழிலாளர் நலன், சிறைச் சீர்திருத்தம் ஆகியவற்றுக்காகவும் அவர் உழைத்தார்.

அந்தப் பெண்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். கணவன் சம்பளப் பணத்தைத் தவறணையில் தொலைத்துவிட்டு வந்து அடித்தால் அவளைக் காக்கச் சட்டம் முன்வரவில்லை. பல இடங்களில் பிள்ளைகள் மீதும், தான் உழைத்த கூலி மீதும்கூட அவளுக்கு முழு உரிமை இல்லை. மணமுறிவு பெறுவது அரிது. வாக்கும் இல்லை. அவளுடைய துன்பத்தின் கண்ணுக்குத் தெரிந்த உருவம் போத்தல். ஆதலால் அவள் போத்தலின் மீது போர் தொடுத்தாள். இதை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் வெற்றியை ஈட்டியவர்கள் செபித்த பெண்கள் அல்லர். கணக்குப் போட்ட ஆண்கள். 1893இல் அதே ஒஹையோவின் ஓபர்லின் நகரில் தவறணை எதிர்ப்புக் கழகம் தொடங்கப்பட்டது. மெதடிஸ்த, பாப்ரிஸ்த முதலான சபைகளின் நேரடி ஆதரவுடன் இயங்கியபடியால், செயலில் இறங்கிய திருச்சபை தானே என்று அது பெருமை பேசியது. அதன் மூளையாக விளங்கியவர் வேன் வீலர் என்ற சட்டத்தரணி. அவருடைய முறை எளிமையானது. ஒரு வேட்பாளர் எந்தக் கட்சியைச் சேர்ந்தவர், நேர்மையானவரா, அவர் குடிப்பவரா என்பதெல்லாம் தேவையில்லை, மதுவிலக்குக்கு வாக்களிப்பாரா? ஆம் என்றால் சபைகளின் வாக்குகள் அவருக்கு. இல்லையென்றால் அவர் தோற்கடிக்கப்படுவார். 1905இல் ஒஹையோ ஆளுநரையே கழகம் வீழ்த்தியது.

இவ்விடத்தில்தான் இயக்கத்தின் உயிர் பிரிந்தது என்பது என் துணிபு. தன் வீட்டில் விஸ்கி குடித்துக்கொண்டு, மன்றத்தில் மதுவிலக்குக்கு வாக்களிக்கும் அரசியல்வாதி அந்தக் கிறிஸ்தவக் கழகத்துக்குப் போதுமானவராக இருந்தார். உறுதிமொழித் தாளின் காலத்தில் ஒருவனுடைய வாழ்வு மாற வேண்டும் என்று கேட்டவர்கள், இப்போது அவனுடைய வாக்கை மாத்திரம் கேட்டார்கள். வொறன் ஹார்டிங் செனற்றராக மதுவிலக்குக்கு ஆதரவாக வாக்களித்தார். ஜனாதிபதியான பின்னர் வெள்ளை மாளிகையில் தம் நண்பர்களுக்கு விஸ்கி பரிமாறினார். காங்கிரஸ் கட்டடங்களுக்குள்ளேயே உறுப்பினர்களுக்கு மது விநியோகித்து வந்த ஒருவர், 1930இல் பத்திரிகையில் தொடர் கட்டுரையே எழுதினார்.

காலமும் கழகத்துக்குத் துணை நின்றது. 1913இல் வருமான வரி வந்தபடியால், மதுவரி இல்லாமல் அரசு நடக்காது என்ற வாதம் வலுவிழந்தது. 1917இல் அமெரிக்கா ஜேர்மனிக்கு எதிராகப் போரில் இறங்கியதும், ஜேர்மன் பெயர்களைத் தாங்கிய பியர் உற்பத்தியாளர்கள் மீது வெறுப்புத் திரும்பியது. அவ்வாண்டு டிசம்பரில் காங்கிரஸ் திருத்தத்தை நிறைவேற்றியது. 1919 ஜனவரி 16இல் தேவையான 36ஆவது மாநிலம் அதை அங்கீகரித்தது. 0.5 வீதத்துக்கு மேல் மதுசாரம் உள்ள எதுவும் போதை தரும் மதுவே என வரையறுத்த வோல்ஸ்ரெட் சட்டத்தை ஜனாதிபதி வில்சன் மறுத்தும் காங்கிரஸ் மீண்டும் நிறைவேற்றியது.

சட்டம் அமுலுக்கு வரவிருந்த தறுவாயில், வேர்ஜீனியா மாநிலத்தின் நோர்போக் நகரில் புகழ்பெற்ற போதகர் பில்லி சண்டே மதுவுக்கு ஒரு போலி மரணச் சடங்கை நடத்தினார். இருபதடி நீளமான சவப்பெட்டி, ஆயிரக்கணக்கான மக்கள். கண்ணீரின் ஆட்சி முடிந்தது என்றும் சேரிகள் மறையும் என்றும் சிறைச்சாலைகள் தொழிற்சாலைகளாக மாறும் என்றும் அவர் முழங்கினார். அந்தக் கூட்டத்தின் மகிழ்ச்சி போலியானதன்று. பாவத்துக்கு எதிரான நூறாண்டுப் போர் வெல்லப்பட்டது என்று அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள்.

பின்னர் நடந்தது உலகறிந்தது. முழு நாட்டுக்கும் முதலில் நியமிக்கப்பட்ட அதிகாரிகள் ஏறத்தாழ 1,500 பேர். கனடாவிலிருந்தும் கடல் வழியாகவும் மது வந்தது. நம்மவர்கள் கசிப்பு என்று சொல்லும் கள்ளச்சாராயம் மலைகளிலும் குளியலறைகளிலும் காய்ச்சப்பட்டது. வைத்தியர் சீட்டு எழுதிக் கொடுத்தால் மருந்துக் கடையில் விஸ்கி வாங்கலாம். இருபது நாட்கள் சாடியில் வைத்திருக்க வேண்டாம், வைத்தால் வைனாகிவிடும் என்ற 'எச்சரிக்கை'யுடன் திராட்சைக் கட்டிகள் விற்பனைக்கு வந்தன. மசாச்சுசெற்ஸின் கோடு போட்ட பன்றி நாடு முழுவதும் நடமாடியது.

திருவிருந்துக்கான திராட்சரசத்துக்குச் சட்டம் விலக்களித்திருந்தது. புரட்டஸ்தாந்து சபைகளின் சம்மேளனம் வெளியிட்ட ஆய்வு அறிக்கையின்படி, சமயத் தேவைக்கென்று களஞ்சியங்களிலிருந்து எடுக்கப்பட்ட வைன் 1922இல் ஏறத்தாழ 21 இலட்சம் கலன். 1924இல் ஏறத்தாழ 29 இலட்சம் கலன். இரண்டு ஆண்டுகளில் அமெரிக்கர்களின் பக்தி அவ்வளவு பெருகிவிட்டதாக எவரும் நம்பவில்லை. பாவத்தை ஒழிக்க எழுந்த சட்டம், பரிசுத்தமான பாத்திரத்தையே கள்ளக்கடத்தலின் கருவியாக்கியது.

குற்றக் கும்பல்கள் பெருநகரங்களை ஆண்டன. 1929 பெப்ரவரி 14ஆந் திகதி சிக்காகோவில் ஏழு பேர் சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொல்லப்பட்டனர். இல்லினோய் மாநிலத்தின் வில்லியம்சன் மாவட்டத்தில் 1923, 1924ஆம் ஆண்டுகளில் கூ கிளக்ஸ் கிளான் இயக்கத்தினரே மதுவிலக்கு அதிகாரிகளின் பங்காளிகளாகி, இத்தாலியக் குடியேற்றவாசிகளின் வீடுகளுக்குள் புகுந்து சோதனையிட்டார்கள். அங்கே மது தேடப்பட்டது. கூடவே அந்நியன்மீதும் கத்தோலிக்கன்மீதும் இருந்த காழ்ப்பும் தீர்க்கப்பட்டது. ஒழுக்கத்தின் பெயரால் வழங்கப்படும் அதிகாரம் எவர் கையில் போய்ச் சேரும் என்பதை அதை வழங்குபவர்கள் தீர்மானிப்பதில்லை. மிச்சிகன் மாநிலத்தில் 1928இல், மது விற்றதாக நான்காம் முறை குற்றங்காணப்பட்ட ஒரு தாய்க்கு ஆயுட்சிறை விதிக்கப்பட்டது. பிள்ளைகளைக் காக்கப் பிறந்த சட்டம் பிள்ளைகளிடமிருந்து தாயைப் பிரித்தது.

இவை எல்லாவற்றிலும் கொடுமையானது நஞ்சின் கதை. தொழிற்சாலைகளுக்கென்று தயாரிக்கப்பட்ட மதுசாரம் பெருமளவில் திருடப்பட்டுக் குடிபானமாக விற்கப்பட்டது. அதைத் தடுக்க, அதில் மெதைல் மதுசாரம் முதலிய நச்சுப்பொருட்களைக் கூடுதலாகக் கலக்கும்படி கூட்டரசு கட்டளையிட்டது. 1926ஆம் ஆண்டு நத்தார் நாட்களில் நியூ யோர்க் மருத்துவமனைகளுக்கு நஞ்சுற்றவர்கள் வந்துகொண்டிருந்தார்கள், பலர் இறந்தார்கள். நகரின் தலைமை மரண விசாரணை வைத்தியர் சார்ள்ஸ் நொரிஸ், குடிப்பார்கள் என்று தெரிந்தும் நஞ்சு கலக்கும் அரசே இம்மரணங்களுக்குப் பொறுப்பு என்று பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டினார். வேன் வீலர் அதை ஏற்கவில்லை. குடிப்பவன் தற்கொலை செய்துகொள்கிறான் என்பதே அவருடைய வாதமாக இருந்தது.

ஒரு கணம் நின்று எண்ணிப் பாருங்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இந்த இயக்கம் குடிகாரனைச் சகோதரன் என்று அழைத்துத் தொடங்கியது. இவனுக்காகக் கிறிஸ்து மரித்தார் என்று சொல்லி அவன் கையைப் பிடித்தது. இப்போது அதே இயக்கத்தின் தலைவர், அவன் கிண்ணத்தில் நஞ்சு இருப்பதற்கு நியாயம் கற்பித்தார். வீலர் கொடியவர் அல்லர். சட்டத்தைக் காப்பதே நன்மையைக் காப்பது என்று ஆகிவிட்டால் நல்லவர்களும் இந்த இடத்துக்கு வந்து சேர்கிறார்கள்.

நியாயத்துக்காக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மதுவிலக்கு எந்தப் பயனையும் தரவில்லை என்பது கட்டுக்கதை. தொடக்கத்தில் நுகர்வு முன்னைய அளவின் மூன்றிலொரு பங்குக்கு இறங்கியது எனப் பொருளியல் ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். சில ஆண்டுகளுக்குள் அது முன்னைய அளவின் மூன்றில் இரண்டு பங்குக்கு ஏறிவிட்டது. ஆயினும் முன்னைய அளவை எட்டவில்லை. ஏழைத் தொழிலாளியின் மூலைத் தவறணை மூடப்பட்டது. சில வீடுகளில் சம்பளப் பணம் முழுமையாக வந்து சேர்ந்தது. சட்டம் கையைக் கட்டியது உண்மை. மனத்தை அது தொடவில்லை. கட்டப்பட்ட கை, கட்டை அவிழ்க்க வழி தேடியது.

சட்டத்தை வீழ்த்தியவர்கள் யார் என்பதும் கவனிக்கத்தக்கது. 1929இல் போலின் சபின் என்ற பெண்மணி, மதுவிலக்கு நீக்கத்துக்கான பெண்கள் அமைப்பைத் தொடங்கினார். முன்பு மதுவிலக்கை ஆதரித்தவர் அவர். தம் பிள்ளைகளை எண்ணி ஆதரித்தவர், தம் பிள்ளைகளை எண்ணியே எதிர்த்தார். சட்டத்தை மீறுவது வேடிக்கை என்று கண்டு வளரும் தலைமுறை எந்தச் சட்டத்தை மதிக்கும் என்று கேட்டார். சில ஆண்டுகளில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அவருடன் சேர்ந்தார்கள். 1932 ஜூனில், வாழ்நாள் முழுவதும் மதுவைத் தொடாத பாப்ரிஸ்தரும், தவறணை எதிர்ப்புக் கழகத்துக்குப் பெருநிதி வழங்கிய குடும்பத்தவருமான ஜோன் டி. றொக்பெல்லர் இளையவர், திருத்தத்தை நீக்க வேண்டும் என்று பகிரங்கக் கடிதம் எழுதினார். மறு ஆண்டு டிசம்பரில், நீக்கத்துக்குத் தேவையான இறுதி வாக்கை அளித்தது யூட்டா மாநிலம். மதுவைத் தொடலாகாது என்பதைச் சமய நெறியாகக் கொண்ட மோர்மன் மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த மாநிலம் அது! சட்டம் போன பின்னரும் நெறி வழுவாத மோர்மன்கள் குடிக்கவில்லை. அவர்களைத் தடுத்தது சட்டமன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கிறிஸ்தவ மரபுக்கு இந்தப் பாடம் புதியதன்று என்பதுதான் வியப்பு. சட்டம் பாவத்தை அடையாளங் காட்டும், ஆனால் அதிலிருந்து மனிதனை விடுவிக்காது என்பது உரோமருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் வலியுறுத்தும் கருத்து. மலைப்பிரசங்கம் கொலையையும் விபசாரத்தையும் அவற்றின் வேராகிய கோபம், இச்சை என்பவற்றில் போய்ப் பிடிக்கிறது. எந்தப் பொலிஸ்காரனும் நுழைய முடியாத இடம் அது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவைனஸ் தமது பெருநூலில் இந்தக் கேள்வியையே எழுப்பினார்: மனிதச் சட்டம் எல்லாத் தீயொழுக்கங்களையும் தடுக்க வேண்டுமா? வேண்டியதில்லை என்பது அவருடைய விடை. சட்டம் பெரும்பான்மையான சாதாரண மனிதருக்காக இயற்றப்படுவது. ஆதலால் பாரதூரமான தீமைகளை, சிறப்பாகப் பிறருக்குக் கேடு விளைவிப்பவற்றையே அது தடுக்க வேண்டும். நிறைவற்றவர்கள்மேல் நிறைவின் சுமையை ஏற்றினால் அவர்கள் இன்னும் மோசமான தீமைக்குள் விழுவார்கள் என்றார் அவர். பழைய துருத்தியில் ஊற்றிய புதிய திராட்சரசத்தின் உவமையையும் அங்கே எடுத்தாள்கிறார். துருத்தியும் கிழியும், இரசமும் சிந்தும். அமெரிக்காவில் இரண்டும் நடந்தன.

அப்படியானால் பதின்மூன்றாவது திருத்தம் நிலைத்து, பதினெட்டாவது திருத்தம் வீழ்ந்தது ஏன்? அடிமை முறையில் ஒரு மனிதனின் கை இன்னொரு மனிதனின் கழுத்தில் இருந்தது. அந்தக் கையைப் பிடித்து இழுப்பது சட்டத்தின் வேலை. அந்த எசமானின் மனத்திலிருந்த வெறுப்பைச் சட்டம் அகற்றவில்லை. அடுத்த நூறாண்டுக் காலத் தென்மாநில வரலாறு அதற்குச் சாட்சி. ஆயினும் சங்கிலி அறுந்தது. மார்ட்டின் லூதர் கிங் இவ்வேறுபாட்டைத் தெளிவாக உணர்ந்திருந்தார். சட்டம் உள்ளத்தை மாற்றாது, உள்ளமற்றவனின் செயலை அடக்கும்; அதுவே பெரிய காரியம் என்பது அவருடைய நிலைப்பாடு. மதுவிலக்கோ அயலவனைக் காப்பதோடு நிற்காமல், ஒவ்வொருவனையும் தூயவனாக்க முற்பட்டது. அடிபட்ட மனைவிக்கு உண்மையில் வேண்டியிருந்தது, அடிப்பவனைத் தண்டிக்கும் சட்டமும், கூலிக்கும் பிள்ளைகளுக்கும் உரிமையும், வீட்டை விட்டு வெளியேற வழியும். அவை சட்டத்தால் தரக்கூடியவை. அவற்றை முழுமையாகப் பெற அவள் இன்னும் நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது.

செய்தியாளனாக நான் தொழில் பழகிய காலத்தில் நீதவான் நீதிமன்றங்களில் கசிப்பு வழக்குகளைக் கேட்டுக் குறிப்பெடுத்திருக்கிறேன். குற்றவாளிக் கூண்டில் அதே முகங்கள், அதே தண்டப்பணம், சில வாரங்களின் பின் மீண்டும் அதே முகங்கள். அங்கே சட்டம் தன் கடமையைச் செய்துகொண்டுதான் இருந்தது. விற்பனைக்கு நேரம் குறிப்பதும், சிறுவருக்கு விற்பதைத் தடுப்பதும், குடித்துவிட்டு வாகனம் ஓட்டுபவனைப் பிடிப்பதும் அவசியமானவை. பிறர் உயிரைக் காப்பவை. ஆனால் கூண்டில் நின்றவன் வீட்டுக்குப் போன பின்னர் அவனோடு உட்கார்ந்து பேச எந்தப் பிரிவின் கீழும் ஓர் அதிகாரியை நியமிக்க முடியாது.

அந்த வேலையை ஒருவர் செய்யத்தான் வேண்டும். மதுவிலக்கு நீங்கி ஒன்றரை ஆண்டுகளின் பின், 1935இல், மீண்டும் அதே ஒஹையோ மாநிலத்தில், அக்றன் நகரில், இருவர் சந்தித்தார்கள். ஒருவர் பில் வில்சன், நியூ யோர்க் பங்குச் சந்தையில் தொழில் பார்த்தவர். மற்றவர் பொப் சிமித், சத்திரசிகிச்சை வைத்தியர். இருவரும் குடியால் அழிந்துகொண்டிருந்தவர்கள். ஒக்ஸ்போர்ட் குழு எனப்பட்ட கிறிஸ்தவ இயக்கத்துடன் தொடர்புடையவர்கள். ஒருவருடைய கதையை மற்றவர் கேட்டார். அவ்வாண்டு ஜூன் 10ஆந் திகதியை, சிமித் கடைசியாகக் குடித்த நாளை, 'அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ்' அமைப்பு தன் பிறந்த நாளாகக் கொள்கிறது. அங்கே கட்டணமில்லை, தண்டனையில்லை. மதுச் சட்டங்களைப் பற்றி அவ்வமைப்பு எந்தக் கருத்தும் சொல்வதில்லை. ஒரு குடிகாரன் இன்னொரு குடிகாரனிடம் தன் கதையைச் சொல்கிறான், அவ்வளவே. 1840இல் பால்ற்றிமோர் தவறணையில் ஆறு நண்பர்கள் கண்டுபிடித்ததும் இதைத்தான்.

ஓர் ஆன்மாவை மாற்றுவது மெதுவான வேலை. அதற்கு ஒரு மனிதனின் நேரமும் பொறுமையும் தோல்வியைத் தாங்கும் மனமும் வேண்டும். வாக்கெடுப்பு இவை எல்லாவற்றையும்விட விரைவானது. அதனால்தான் சமயவாதிகளை அது மீண்டும் மீண்டும் ஈர்க்கிறது. கிறிஸ்தவத்துக்கு மாத்திரம் உரிய சோதனையன்று இது. தன் நெறியைத் தானே வாழ்ந்து காட்டிப் பரப்பும் பொறுமையை இழந்த எந்தச் சமயமும் பொலிஸ் நிலையத்தின் கதவைத் தட்டும். அந்தக் கதவு திறக்கப்படுவதுதான் அச்சமயத்துக்கு நேரும் மிகப் பெரிய தோல்வி.